பண்டம்

எம்.ஏ. தமிழ் முதலாண்டில் ஒருநாள் பேராசிரியர் பண்டமாற்று பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல் வாங்கிய கதை. எனக்கு அது ஓடவே இல்லை. பண்டமாற்று என்றால் மாட்டைக் கொடுத்து மாடு வாங்குவது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து கேட்டும் விட்டேன். வகுப்பே சிரித்தது. 'அது உங்க பக்கத்து வட்டார வழக்கு' என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் சோமனூர்ப் பக்கத்தில் பண்டம் என்றால் மாடுதான். 'பண்டத்தைப் புடிச்சுக் கட்டுடா', 'பண்டங்கன்னுக்குத் தண்ணி காட்டியாச்சா' என்பதுதான் தோட்டத்துப் பேச்சு. நாங்கள் மாதாரிகள். அருந்ததியர் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. பண்டம் என்ற தமிழ்ச் சொல் எங்கள் வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து வந்தது. பண்ணாடியின் வாயிலிருந்து வந்தது. எங்கள் அப்பா அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது ஒன்பது வயதில், பண்டம் மேய்க்க விடப்பட்டபோது.

ஏட்டுத் தமிழில் பண்டம் என்றால் பொருள், சரக்கு. கொங்குத் தமிழில் கால்நடை. ஒரே சொல் எப்படி இரண்டாகப் பிரிந்தது என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. விடை கிடைத்தது பல வருசம் கழித்து, ஒரு பழைய ஆங்கிலச் சொல்லைத் துருவியபோது. அந்தச் சொல் 'சாட்டல்'.

இங்கிலீஷ் சட்டப் புத்தகங்களில் 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்று சேர்த்தே எழுதுவார்கள். நிலம் நீச்சு தவிர்த்த, எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து என்று அர்த்தம். நம் பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள்' என்று வருமே, அதில் ஜங்கமம் என்பது இதுதான். ஸ்தாவரம் நிற்பது, ஜங்கமம் நகர்வது.

இந்தச் சாட்டலுக்குத் தாய் லத்தீன். லத்தீனில் 'காபுட்' என்றால் தலை. அதிலிருந்து 'காப்பிடாலே' வந்தது. தலையாய சொத்து, முதல் என்ற அர்த்தத்தில். அது பிரெஞ்சுக்குப் போய் ஒரு வட்டாரத்தில் 'சத்தெல்' ஆயிற்று. நார்மன்காரர்கள் வாயில் 'கத்தெல்' ஆயிற்று. இரண்டுமே இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. முதலாவது 'சாட்டல்' என்று கோர்ட்டுக்குப் போனது. இரண்டாவது 'கேட்டில்' என்று தொழுவத்துக்குப் போனது. அந்தக் 'கேட்டில்' கூட முதலில் எல்லாச் சொத்தையும்தான் குறித்தது. பிறகுதான் ஆடுமாடு மட்டும் என்று குறுகியது. லத்தீன் மூலத்திலிருந்தே பிந்திக் கிளம்பி வந்த மூன்றாவது சொல் 'கேப்பிடல்'. மூலதனம். ஆக, சரக்கு, மாடு, மூலதனம் மூன்றும் ஒரே தலையில் முளைத்தவை.

இது அவர்கள் ஊர் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நார்மன்காரர்கள் வருவதற்கு முன்பு ஆங்கிலேயரிடம் 'ஃபெயோ' என்றொரு சொல் இருந்தது. மாடு, சொத்து, பணம் எல்லாம் அதுதான். லத்தீனில் பெக்குஸ் என்றால் கால்நடை. பெக்குனியா என்றால் பணம். தமிழிலும் மாடு என்றால் செல்வம். கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். நானூறாவது குறள். கல்விதான் கேடில்லாத செல்வம், மற்றதெல்லாம் செல்வமல்ல என்று சொல்ல வந்த வள்ளுவர், செல்வத்துக்குப் போடுகிற சொல் மாடு. தமிழாசிரியர்கள் இதை அழகாக விளக்குவார்கள். அந்த மாட்டை மேய்த்தவனுக்கு அந்தக் கல்வி கிடைத்ததா என்று கேட்கமாட்டார்கள். லத்தீன்காரன் தலை என்று சொன்னதைத் தமிழன் 'முதல்' என்றான். முதல் என்றால் தொடக்கம், முதல் என்றால் போட்ட பணம். கொங்கு நாட்டுப் பண்டமும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. அது வட்டார வழக்கு மட்டுமல்ல. மாடே சொத்தாக இருந்த காலத்தின் ஞாபகம் அது.

இதுவரைக்கும் மொழி ஆராய்ச்சி. இனிமேல்தான் நம் கதை.

சாட்டல் என்ற சொல்லுக்குள் மேசை நாற்காலி மட்டும் இருக்கவில்லை. மனுசனும் இருந்தான். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களைச் சட்டம் சாட்டல் என்றது. 1781இல் 'சோங்' என்ற கப்பலில் தண்ணீர் பற்றாது என்று காரணம் சொல்லி, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும் கப்பல் முதலாளிகள் இன்சூரன்ஸ் பணம் கேட்டார்கள். தலைக்கு 30 பவுண்டு. பாருங்கள், தலைக்கு! 1783இல் லண்டனில் நடந்தது கொலை வழக்கு அல்ல, சரக்கு வழக்கு. குதிரைகளைக் கடலில் தள்ளியதும் இதுவும் சட்டத்துக்கு ஒன்றுதான் என்ற பொருளில் பேசினார் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு. மறு விசாரணைக்கு உத்தரவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

துணி நெய்கிற ஊரில் இருந்துகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பியக் கம்பெனிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனுசரை வாங்கக் கொடுத்த சரக்குகளில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் ஒன்று. கினித் துணி என்று அதற்குப் பேர். அவுரிச் சாயம் போட்ட நீலத் துணி. அந்தக் காலத்தில் முரட்டுத் துணி நெய்தவர்களில் நம்மவர்களும் உண்டு. பறையரில் கோலியர் என்ற பிரிவே நெசவுப் பிரிவு. இங்கே நெய்த பண்டம் அங்கே ஆளுக்கு விலையாகப் போனது. தறியில் உட்கார்ந்தவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, அடிமைமுறை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? நம் பெருமைப் பேச்சாளர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டு நகர்வார்கள். தமிழில் ஆளோலை என்றொரு சொல் இருக்கிறது. ஆளை அடிமையாக எழுதிக்கொடுக்கும் ஓலை. பெரியபுராணத்தில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கும்போது கிழவர் வேடத்தில் சிவபெருமான் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரருக்கு வருகிற ஆத்திரம் எதனால்? அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவதை யார் கேட்டது என்பதுதான் அவர் கேள்வி. அடிமைமுறை இருப்பது அவருக்கு அதிர்ச்சியாக இல்லை. அது தன் சாதிக்குள் வந்ததுதான் அதிர்ச்சி. பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட அருள் விளையாட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை எழுதும்போது, ஓலை, சாட்சி, கையெழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று வழக்கு முறை முழுதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. கோயிலுக்கு ஆட்களை விற்றிருக்கிறார்கள், தானம் கொடுத்திருக்கிறார்கள். கோயில் ஆட்களின் உடம்பில் சூலக்குறி பொறித்திருக்கிறார்கள். மாட்டுக்குச் சூடு போடுவது மாதிரி. பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்ட வெள்ளாளர்களும் அந்தக் கல்வெட்டுகளில் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு அது பஞ்சத்தால் வந்தது. நமக்குப் பிறப்பால் வந்தது.

இலக்கணமும் ஒரு சாட்சி சொல்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஒரு சூத்திரம், மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிவு கொள்ளும் சொற்களைப் பட்டியல் போடுகிறது. அதில் அடிமையும் ஒன்று. அடிமை வந்தது. அதே பட்டியலில் அரசும் இருக்கிறது, ஆகவே இது இழிவுக்காகச் சொன்னதல்ல என்று உரைகாரர் பக்கம் நின்று யாரும் வாதிக்கலாம். வாதம் சரிதான். ஆனால் 'அரசு வந்தது' பிறகு 'அரசர் வந்தார்' ஆனது. அடிமை எந்தக் காலத்தில் 'வந்தார்' ஆனான்? என் தாத்தா போனால் 'மாதாரி வந்துருக்குது பாரு' என்பதுதான் எழுபது வயதிலும் அவருக்குக் கிடைத்த வினைமுற்று.

வாளையாறு தாண்டினால் பாலக்காடு. மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தது. திப்பு விழுந்த அடுத்த வருசம், 1800இல், கம்பெனி அனுப்பிய ஃபிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர் வழியாக அங்கே போனார். 1807இல் வந்த அவர் பயண நூலில், அங்கே வயலில் வேலை செய்த செருமர்களை மூன்று விதமாகக் கைமாற்றியதை எழுதியிருக்கிறார். ஜன்மம்: அடியோடு விற்பது. காணம்: கடன் வாங்கிக்கொண்டு ஆளை ஈடாகக் கொடுப்பது. பாட்டம்: வருச வாடகைக்கு விடுவது. நிலத்துக்கு என்ன மூன்று வழியோ அதே மூன்று வழி ஆளுக்கும். இதில் காணமும் பாட்டமும் படுகொடுமை என்கிறார் அவர். ஏனென்றால் ஈடாகவோ வாடகைக்கோ எடுத்தவனுக்கு ஆள் நாளைக்கு இருந்தால் என்ன, செத்தால் என்ன? வேலையைக் கூட்டுவதும் சோற்றைக் குறைப்பதும்தான் அவனுக்கு லாபம்.

அம்பேத்கர் இதே முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கிறார். அடிமைமுறை கொடியதா, தீண்டாமை கொடியதா என்று அவர் ஆராயும் இடத்தில், அடிமை சொத்து என்பதால் அவனுக்கு ஒரு விலை இருந்தது, விலை கொடுத்தவன் அவனைக் காப்பாற்றிக்கொண்டான் என்று காட்டுகிறார். ரோமாபுரியில் காய்ச்சல் வரும் சதுப்பு நிலத்துக்கு அடிமையை அனுப்பமாட்டார்கள், சுதந்திரமான கூலி ஆளைத்தான் அனுப்புவார்கள். தீண்டாதவனுக்கு அந்த விலைகூட இல்லை. வேலை வாங்குகிற உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு, காப்பாற்றுகிற கடமை ஒருவருக்கும் கிடையாது. சாட்டலாக இருந்தது நல்லது என்று அவர் சொல்லவில்லை. சாட்டலுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்று சொன்னார்.

இதை மனசில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. விடுதலையானவர்களுக்கு ஒன்றுமில்லை, ஆண்டைகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு. அந்தச் சட்டத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியும் இலங்கையும் சேராது என்று விலக்கு. வரி பாக்கிக்காக மலபாரில் ஆட்களை ஏலம் விடும் வழக்கத்தையே 1819இல்தான் கம்பெனி நிறுத்தச் சொல்லியிருந்தது. பிறகு 1843 ஏப்ரலில் ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். ஆளை உடைமை என்று எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது, வரி பாக்கிக்கு ஆளை விற்கக் கூடாது, அடிமை என்று சொல்லி ஒருவன் சொத்தைப் பறிக்கக் கூடாது, சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். ஆள் வைத்திருந்தவனுக்குத் தண்டனை இல்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில்.

எதைச் சட்டம் எடுத்துவிட்டது? ஜன்மத்தை. எது மிஞ்சியது? காணமும் பாட்டமும். ஆள் மேல் உடைமை போனது. ஆள் மேல் கடன் நின்றது. இனிமேல் ஆண்டை ஈடு வைக்க வேண்டியதில்லை. ஆள் தன்னைத்தானே காணம் வைத்துக்கொள்வான்.

என் அப்பா கதை இதுதான். 1960களின் கடைசி. தாத்தா வாங்கிய கடனுக்கு ஒன்பது வயதுப் பையனைப் பண்டம் மேய்க்க விட்டார். வருசத்துக்கு இத்தனை வள்ளம் சோளம், ஒரு வேட்டி துண்டு, இரண்டு வேளைக் கூழ். கணக்குப் பார்க்கும் நாளில் எப்போதும் கடன்தான் மிஞ்சும். கூழ் ஊற்றியதும் கணக்கில் ஏறியிருக்கும். நான்கைந்து வருசம் கழித்து அந்தத் தோட்டத்துப் பண்ணாடியின் மகன்கள் பாகம் பிரித்தார்கள். மேற்கால கிணறும் காளை ரெண்டும் பெரியவருக்கு. கிழக்கால காடும் எருமையும் சின்னவருக்கு. 'அப்ப நானும் சின்னவரு பாகத்துல போயிட்டேன்' என்பார் அப்பா. கடன் நோட்டு அந்தப் பக்கம் போனது, கூடவே இவரும் போனார். ஒரு வருத்தமும் இல்லாமல், பஸ் மாறி ஏறினதைச் சொல்வது மாதிரிச் சொல்வார். அந்தச் சாதாரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது. அடிமை ஒழிப்புச் சட்டம் வந்து நூற்று முப்பது வருசம் ஆகப்போகிற காலத்தில் ஒரு பாகப்பிரிவினையில் என் அப்பா ஜங்கமமாகப் போயிருக்கிறார்.

கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது. 1976இல் முழுச் சட்டமானது. அன்றோடு அந்தக் கடன்கள் செல்லாது என்றது. அப்பாவுக்கு இதை யாரும் வந்து சொல்லவில்லை. தோட்டத்தை விட்டு அவர் வெளியே வந்தது சட்டத்தால் அல்ல, விசைத்தறியால். வறண்ட காடுகளின் ஓரத்தில் தறிக் குடோன்கள் முளைத்தபோது அவருக்குத் தார் சுற்றும் வேலை கிடைத்தது. இதில் குடோன் என்பதும் நம் சொல்தான். கிடங்கு என்பது கடல் கடந்து மலாய் மொழிக்குப் போய், இங்கிலீஷ்காரன் வாயில் கோடவுனாகி, குடோனாகத் திரும்பி வந்தது. சரக்கு வைக்கும் இடம் என்று அர்த்தம். சரக்கு வைக்கும் இடத்தில் ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆள் நின்றது. அண்ணனும் அங்கேதான் நின்றார்.

அக்கா கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கியது அட்வான்ஸ். கடன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அட்வான்ஸ் என்றால் கௌரவம். கூலியில் வாராவாரம் கொஞ்சம் பிடிப்பார்கள். உடம்புக்கு முடியாமல் நின்றால் மறுபடி ஏறும். வேறு குடோனுக்குப் போக வேண்டும் என்றால் அந்த முதலாளி இந்த முதலாளிக்குப் பாக்கியைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். அண்ணன் மூன்று குடோன் மாறினார். மூன்று தடவையும் பணம் அவர் கைக்கு வராமல் தலைக்கு மேலேயே கைமாறியது. கடைசி முதலாளி தறிகளை விற்றபோது வாங்க வந்தவர் கேட்டாராம்: 'தறி எட்டு, ஆளு எத்தனை நிக்குது?'

முதலாளி என்றும் நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர்த் தறிக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தறி மட்டும்தான் சொந்தம். பாவும் ஊடை நூலும் ஜவுளி வியாபாரியுடையது, காடாத் துணியும் அவருடையது. அதனால்தான் அவர்களுக்குக் கூலி விசைத்தறியாளர் என்று பேர். 2021 நவம்பரில் பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. அதைக் கொடுக்கவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் போராடினார்கள். நியாயமான போராட்டம். நானும் பந்தலில் போய் உட்கார்ந்தேன். பேசியவர்கள் எல்லாம் கரண்டு பில், உதிரி பாகம், பேங்க் கடன் பேசினார்கள். தறியில் நிற்கிறவனின் அட்வான்ஸைப் பற்றி நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒருவரும் பேசவில்லை. தறி நின்ற நாளெல்லாம் எங்கள் வளவில் அட்வான்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

'அட்வான்ஸ் அவனாக் கேட்டு வாங்கறதுதானே, இதுல என்ன கொத்தடிமை' என்று தோழர்களே கேட்கிறார்கள். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்களுக்குச் சொல்வேன். பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் தள்ளி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புத்தான், அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுப்பதும் அதைத்தான் என்றது தீர்ப்பு. கையில் விலங்கு இருந்தால்தான் அடிமை என்பதில்லை. விலங்கு போட்டவன் சோறாவது போட வேண்டியிருந்தது.

சொல்லுக்குள் புகுந்து வரலாற்றைத் தேடும் வேலையை நமக்குக் காட்டிக்கொடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் 'தமிழன்' பத்திரிகை தொடங்கி, நம்மைத் தாழ்த்திய ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு பொருள் சொல்லி மல்லுக்கு நின்றவர். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் கல்வெட்டிலும் கெஜட்டிலும் பேர் இல்லாத சனத்துக்குச் சொல்தான் ஆவணம் என்பது அவரிடம் படித்தது. பண்டம், ஆள், முதல், அட்வான்ஸ் என்ற நான்கு சொல்லை வரிசையாக வைத்தால் எங்கள் குடும்பத்து மூன்று தலைமுறைக் கணக்கு அதில் இருக்கிறது.

இப்போது எங்கள் பையன்களும் பிள்ளைகளும் கம்பெனி வண்டியேறித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பீஸ் ரேட்டு, சனிக்கிழமை சம்பளம். பண்ணாடி முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்பதே பெரிய விடுதலை. தறிக்கு ஆள் வேண்டும் என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கூட்டி வருகிறார்கள்.

போன மாதம் அப்பாவோடு சோமனூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று நிற்காமல் போனது. பின்னாலேயே வந்த பாசஞ்சரில் பையன்கள் கொஞ்சப் பேர் மூட்டையோடு இறங்கினார்கள். கூட்டி வந்த ஆள் விரலை நீட்டித் தலையை எண்ணிக்கொண்டே போனில் சொன்னான்: 'பன்னெண்டு உருப்படி வந்திருச்சுங்க.' அவன் எங்கள் வளவுப் பையன். எனக்குத் தெரிந்தவன்.

நான் எதாவது சொல்வதற்குள் அப்பா அவனைக் கூப்பிட்டார். 'ஏஞ்சாமி, பன்னெண்டு பேருன்னு சொன்னா உன்ர வாயி வலிக்குமா?' என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அப்பா சிரிக்கவில்லை.